காத்துப்பொட்டிக்காரரின் மகளுக்கு

ஸ்டெல்லா,

சென்ட்ரலில் வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் நீ அதைக் கேட்டாய். உன் நைனாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து பிலாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அத்தினி வருசம் ஒயச்சாரே, நைனாவுக்கு இன்னாம்மா கெடச்சுது? ஒரு நாளாவது காதால கேட்டாரா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் முகம் தூரம் போய்விட்டது. அதற்கு முந்தின நாள், துணி மடித்துப் பெட்டியில் வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாய். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பள்ளிக்கூடம் நடத்தப்போவதாக எழுதியிருந்தாயே, அதை விட்டுவிட்டேன் என்றாய். மாப்பிள்ளையோடு வேலை செய்பவர்களின் வீட்டுப் பெண்கள் சிரித்தார்களாம். கல்யாணம் ஆனவள் இன்னும் பொம்மை விளையாட்டு விளையாட முடியுமா என்றாய். இரண்டையும் சுமந்துகொண்டுதான் ராயபுரத்துக்கு நடந்து வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. இன்லாண்டு லெட்டரில் இது அடங்காது என்பதால் தாள் வாங்கிவந்து எழுதுகிறேன். சிலது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்போது நீ சின்னவள். நீ கல்யாணமாகிப் போன பிறகு நடந்ததோ உனக்குத் தெரியவே தெரியாது.

நான் கட்டிக்கொண்டு வந்தபோது உன் நைனா பேசாத மனிதர். துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் பாய்லர் வேலை. சின்ன வயதில் மாதா கோயில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவராம். அவருடைய அப்பா போனதும் படிப்பு நின்றது, பாட்டும் நின்றது. உடம்பு சிறுத்திருந்ததால் பாய்லரின் வட்டத் துவாரம் வழியாக உள்ளே இறக்கிவிடுவார்கள். இருட்டுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கே காது வலிக்கும் என்பார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். நீ பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் அப்படியேதான். கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, அடித்ததில்லை. ஆனால் நாளைக்கு இது வேண்டும் என்று அவர் ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் அப்போது அது குறையாகத் தெரியவில்லை. நம் தெருவில் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம். டோல்கேட்டிலிருந்து ஹைரோடு ஓரமாக, பூமிக்குள் பதிப்பதற்காக இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கிவைத்திருந்தார்கள். ஆள் நுழையும் அளவுக்குப் பெரியதும் உண்டு, கை மட்டும் நுழையும் சின்னதும் உண்டு. தெருப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கிடந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிவர அவரை அனுப்பினேன். போனவர் வரவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டு நானே போனேன். உன் நைனா ரோட்டோரம் மண்டி போட்டு, ஒரு குழாய்க்குள் தலையை விட்டு 'ஊ' என்று கத்திக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் நின்று அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். "இதுல ஒரு தாத்தா கீறாரு நைனா. அத்தோ, அந்த ஒல்லிக் கொயாயில பாப்பா கீது. நீ கூப்புட்டா பேசும்." அவர் எழுந்து அடுத்த குழாய்க்குப் போனார், கூப்பிட்டார், காதை வைத்துக் கேட்டார். பட்டறைக்காரர் ஒருவர் சைக்கிளில் போகும்போது, "இன்னா அந்தோணி, ஊட்டுக்கு வயி தெர்லயா?" என்றார். உன் நைனா தலையை வெளியே எடுத்தார். நெற்றி, மூக்கெல்லாம் துரு. சிரித்தார். அவர் அப்படி வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ரோட்டில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்தது, அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்த வாரமே ஒரு துண்டுக் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். புல்லாங்குழலுக்கு இருப்பதுபோல் பக்கத்தில் வாய் வெட்டினார். ஊதினால் காற்றுதான் வந்தது. வெட்டி வெட்டி எறிந்தார். பிறகு ஒருநாள் ஒன்று கத்தியது. நீ உள்ளேயிருந்து ஓடிவந்து, "பாப்பா" என்றாய். அன்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னார், கடலோரச் சின்னக் கோயிலுக்கு குழாய் குழாயாக வைத்துக் காற்றில் பாடும் ஒரு ஆர்கன் செய்யப்போகிறேன் என்று. அந்தக் கோயிலில் அப்போது ஒரு ஆர்மோனியம்கூடக் கிடையாது. திருவிழாவுக்கு இரவல் வாங்குவார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரிய கோயிலில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன் ஒருவரைப் போய்ப் பார்த்தார். அவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "இதுக்கெல்லாம் சீமையில தனியாக் கம்பெனி வச்சிருக்கான் அந்தோணி. நீ பாய்லர் தட்றவன், ஒனக்கு எதுக்குப்பா இந்தப் பேஜாரு?" என்று நல்லவிதமாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து உன் நைனா அதை அப்படியே சொன்னார். நீதான் கேட்டாய், "சீமையில காத்து வேற காத்தா நைனா?" என்று. அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது.

வீட்டின் பின்பக்கம் பட்டறை ஆனது. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்கள், கப்பல் பெட்டிகளைப் பிரித்த பலகைகள், கொல்லன் துருத்தி மாதிரி தார்ப்பாயும் தோலும் வைத்துத் தைத்த காற்றுப் பை. தைத்தது நான். ஊசி குத்தி விரலெல்லாம் புண். தெருவில் அதற்குக் காத்துப்பொட்டி என்று பேர் வைத்தார்கள், உன் நைனாவுக்குக் காத்துப்பொட்டிக்காரர். பள்ளிக்கூடத்தில் உன்னையும் அப்படிக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள் என்று ஒருநாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கும். ஆனால் அந்தப் பின்கட்டில் நாம் மூன்று பேரும் எவ்வளவு சிரித்தோம். ஒவ்வொரு குழாய்க்கும் நீயும் அவரும் பேர் வைத்தீர்கள். தாத்தா, பாப்பா, போலீஸ்காரர், மாமியார். ஒன்று சுதி தப்பினால் "மாமியாருக்கு ஜல்பு" என்பார். தாத்தாவுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று நீ அடம்பிடித்து, பக்கத்துக் குழாயைப் பாட்டி ஆக்கினீர்கள். நாற்பது வயது மனிதர், பகலெல்லாம் இருட்டில் இரும்பைத் தட்டிவிட்டு வந்து, இரண்டு குழாய்க்கு மாலை போட்டார். எதிர்வீட்டுக்காரி சன்னலை மூடிக்கொண்டாள்.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்ததை முதலில் கண்டது நான்தான். தெருத் தண்ணீர்க் குழாயடியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வேலை நினைப்பில் இருக்கிறார் என்று இருந்தேன். பிறகு ஒருநாள், துறைமுகச் சங்கு ஊதும்போது, "இன்னிக்கு இன்னா சங்கு ஊதல?" என்று கேட்டார். அது ஊதிக்கொண்டிருந்தது ஸ்டெல்லா. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாய்லருக்குள் இருக்கும் சத்தம் காதைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மிச்சமாவது இருக்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும் என்றார் டாக்டர். வேலையை விட்டால் என்ன சாப்பிடுவது? திரும்பி வரும்போது கல்மண்டபம் பக்கம் நின்றார். "பொட்டி முடியற வரிக்கும் தாங்குமா?" என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டார். தாங்கும் என்றேன்.

தாங்கவில்லை. பெட்டி பாதி முடிந்திருந்தபோது அவருக்குச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ அவருக்குக் காது ஆனாய். அவர் அரத்தால் தேய்ப்பார், உன்னைப் பார்ப்பார். நீ கேட்டுவிட்டுக் கையை மேலே தூக்குவாய், கீழே இறக்குவாய். சரியாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வாய். அந்தக் கண் மூடலுக்காக அவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று உனக்குத் தெரிந்திருக்காது, உன் கண்தான் மூடியிருக்குமே. உன் வயதுப் பெண்கள் தாவணி போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போன சாயந்திரங்களை நீ துரு வாசனையில் கழித்தாய். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் அது ஒலித்தது. நீ வாசித்தாய், நான் துருத்தி மிதித்தேன். உன் நைனா பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனங்களைப் பார்த்து நின்றார். அது மரியாதையில்லை என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து தோளைத் தொட்டார். அவர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்க வேறு வழி இல்லை, முகங்களைத்தான் பார்க்க முடியும். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்த பெண்கள் சிலர் அழுதார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் கேட்டார், "ஏன் அழுதாங்க? மோசமா இருந்துச்சா?" நான் வாயை நன்றாகத் திறந்து, நல்லா இருந்துச்சு என்றேன். "நல்லான்னா, எப்படி நல்லா?" என்றார்.  மழைக்கு முன்னாடி காற்று வருமே, வேகாத வெயிலில் திடீரென்று, அந்த மாதிரி என்று கையையும் வாயையும் ஆட்டிச் சொன்னேன். நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.  வீட்டுக்கு வந்ததும் நீ விரல்களைக் காட்டி, குழாய்களில் மூன்று பேருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அவருக்கு ஜாடை சொன்னாய். இன்றைக்கு ஒருநாளாவது சும்மா இருக்கக்கூடாதா என்று உன்னைக் கத்தினேன். அவரோ சிரித்துக்கொண்டே அரத்தைத் தேட எழுந்துவிட்டார்.

ஆனால் மத்தியானம், நீ தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் அழுகைச் சத்தமும் தெரியாது. எதிர்வீடு வரை கேட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு வாட்டி," என்றார். "ஒரே ஒரு வாட்டி." அவ்வளவுதான் சொன்னார். அவர் ஒரு நாளாவது கேட்டாரா என்று நீ கேட்டாய். இல்லை மகளே, கேட்கவில்லை. அவருக்கு அது வலிக்கவில்லை என்று நான் உன்னை ஏமாற்ற மாட்டேன்.

பிறகு கடல் வந்தது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீள நீள, வடக்கே நம் பக்கம் கரையை அலை தின்றுகொண்டே வந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். குப்பத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த ஐப்பசிப் புயலில் சின்னக் கோயிலின் கடல் பக்கச் சுவர் விழுந்தது. ஆட்கள் பெட்டியை இழுத்து வெளியே போடப் பார்த்தார்கள். பலகை உடைந்து, குழாய்கள் தண்ணீரில் உருண்டன. இரண்டு பையன்கள் அவற்றின் பின்னால் இறங்கினார்கள். உன் நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வுட்ருங்கடா, உசுரு பெருசுடா, மேல வாங்கடா" என்று கத்தியதை நீ என் பக்கத்தில் நின்று கேட்டாய். பையன்கள் கரையேறினார்கள். பெட்டி போய்விட்டது. மாமியார், போலீஸ்காரர், கல்யாணம் கட்டிய தாத்தா, பாட்டி, எல்லோரும் போனார்கள்.

நீ பார்த்தது அதுவரைதான். அடுத்து உன் கல்யாணம், பிலாய். அவர் பழையபடி சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார். பட்டறையில் கிரேனிலிருந்து கத்தியது கேட்காமல் நின்றார், ஒரு இரும்புத் தகடு தலையை உரசிக்கொண்டு இறங்கியது. அதோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் சளி, மூச்சிரைப்பு. உனக்கு எழுதும்போது நைனா சௌக்கியம் என்றுதான் எழுதினேன். அரசாங்கம் கரையோரம் கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்டியது. அவர் தினமும் போய் அந்தக் கற்கள்மேல் உட்கார்ந்திருப்பார். இப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

ஒருநாள் நனைந்த வேட்டியோடு வேகமாக வந்தார். கல் இடுக்கில் அலை புகும்போது உள்ளே இருக்கும் காற்று குபீரென்று மேலே வருகிறது, முகத்தில் அடிக்கிறது என்றார். "கடலு நம்ம பொட்டிய எடுத்துகினு போச்சுல்ல. அதுக்கு வாசிக்கத் தெரியுதான்னு பாத்துர்லாம்." இடுக்குகளில் குழாயைச் செருகிச் சிமெண்டு பூசினால் ஒவ்வொரு அலையும் ஒரு சுரம் வாசிக்கும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கரையெல்லாம் குழாய். துருத்தி மிதிக்க ஆள் வேண்டாம், பூசைக்குக் காத்திருக்க வேண்டாம், ஊரே கேட்கலாம். நான் சொன்னேன், இவ்வளவு பெரிய ஆசை நம்மால் ஆகுமா, முதலில் மூச்சு சீராகட்டும் என்று. என் உதட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "சின்னதா ஆசப்பட்டாலும் இதே சிரிப்பதான் சிரிப்பாங்க. பெருசாவே பட்டுட்டுப் போறேன்."

ஒரே ஒரு குழாயைத்தான் வைக்க முடிந்தது. கடல் தண்ணீர் உள்வாங்கியிருந்த ஒரு காலையில் இருவரும் கற்கள்மேல் தவழ்ந்து போய் வைத்தோம். இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சிமெண்டு இறுகக் காத்திருந்து, அடுத்த நாள் தண்ணீர் ஏறும் நேரத்துக்குப் போனோம். முதல் அலைகளுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரிய அலை வந்து கல்லில் மோதியது. எங்கோ தூரத்தில் பசு கன்றைக் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் கரை முழுக்கப் போனது. குப்பத்துப் பிள்ளைகள் வலைகளைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் கடலைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குதா?" என்றார்.  கண்ணை மூடிக்கொண்டேன். நீ மூடுவாயே, அப்படி.

உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை லீவுக்கு வரும்போது நேராகக் கூட்டிவந்து காட்டலாம் என்றார். நீ வந்தபோது அவர் சவப்பெட்டிக்குள் இருந்தார். அந்த வாரப் புயலில் கற்கள் புரண்டு, குழாயும் எங்கோ போய்விட்டது. அதனால்தான் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒன்றும் மிஞ்சவில்லை ஸ்டெல்லா. எனக்குத் தெரிந்த அந்தோணி இரண்டு பேர். ஒருவர் நல்ல காதோடு, எதையும் கேட்க விரும்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இன்னொருவர் காதில்லாமல், விடிந்தால் எழுந்து ஓட ஒரு காரணத்தோடு இருந்தார். அந்த இரண்டாவது ஆளோடு வாழ எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. அவரை எனக்குக் கொடுத்தது நீ, ரோட்டோரத்தில் நின்று, வெட்கம் என்றால் என்னவென்று தெரியாத வயதில். இப்போது யாரோ சிரிக்கிறார்கள் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டாய் என்றால், அவர் போனதைவிட அதுதான் என்னை அதிகம் அறுக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடு. ஒருவர் வந்தாலும் போதும். சரியாக வராவிட்டாலும் போகட்டும்.

இனி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். திட்டாதே. நீ ரயிலேறின பிறகு, போன வாரம், பின்கட்டில் கிடந்த குழாய்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கற்களுக்குப் போனேன். எனக்கு வாய் வெட்டவும் தெரியாது, சிமெண்டு குழைக்கவும் தெரியாது. பாதி வழியில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. குழாயைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய குப்பம்மா கரையில் நின்று, "இன்னாமே பண்ணிகினு கீற அங்க? பைத்தியம் கிய்த்தியம் புட்ச்சிக்கிச்சா?" என்றாள். அவளுடைய மூத்த மகன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

என் வயதில், வெள்ளைப் புடவையோடு, முழங்காலில் ரத்தத்தோடு அவளிடம் சொன்னேன், இங்கிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடலைப் பாட வைக்கப்போகிறேன் என்று. அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.  அவள் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தாள்.

"எம் புள்ளைய முயுங்குன கடலு அது. அது பாடி நான் கேக்கணுமா?" என்றாள்.

 எனக்கும் அந்தக் கடல்மேல் கோபம்தான். சும்மா தலையைக் குனிந்துகொண்டேன். கல் நகரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கூடையை மணலில் இறக்கிவைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குப்பம்மா கற்கள்மேல் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்றாள்.

உன் அம்மா